மறுகா என்ன நடந்த, அக்கா?

ட்ரொம்சோ, நோர்வே
பொங்கலுக்கு மறுநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் மிளகாய்த்தூள் மணத்தோடு வந்து மூன்று கிழமை ஆகிறது. போன் எடுத்தால் தூக்குகிறாய் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன் என்று போட்டிருந்தீர்கள். ஏச்சு சரிதான். தூக்கினால் அம்மா அழுவா, நான் சளாப்புவேன்.

நேற்று மின்சார அடுப்பில் பால் பொங்கியது. கிழக்குப் பார்த்துப் படைத்தேன், ஆனால் சூரியன் இல்லை. பகிடி இல்லை அக்கா. நவம்பர் கடைசியில் போனவர் இன்னும் வரவில்லை. 21ஆம் திகதிதான் மலைக்கு மேலால் எட்டிப் பார்ப்பாராம். அன்றைக்கு ஊரே சூரியன் பணிஸ் என்று ஒன்றை வாங்கித் தின்னும். நடுப்பகலில் வானம் கொஞ்சம் நீலமாகும், அப்புறம் இருட்டுத்தான். சாப்பாட்டுக்குக் குறையில்லை. இந்த மாதங்களில் இவர்கள் கொட் மீனையும் அதன் ஈரலையும் சினையையும் வெறும் உப்புத் தண்ணீரில் அவித்துத் தின்பார்கள். தூளும் இல்லை, புளியும் இல்லை. என் பங்குக்கு உங்கள் தூளைப் போட்டேன். பக்கத்தில் இருந்தவன் ருசி பார்க்கிறேன் என்று வாங்கிக் கண்ணீர் விட்டான்.

கடலில் காற்று. வள்ளங்கள் ஒழுங்காக வருவதில்லை, மீன் வராவிட்டால் பெக்டரியில் எங்களுக்கும் வேலை இல்லை. யோசிக்க வேண்டாம், வாசிக்க நேரம் கிடைக்கிறது. அறையை விட நூலகத்தில் சூடு நல்லது, மூடும்வரை இருக்கலாம். தேசிய நூலகத்தில் பன்மொழிப் பிரிவு ஒன்று உண்டு. எந்த ஊர் நூலகத்தில் சொல்லிவைத்தாலும் தமிழ்ப் புத்தகம் அனுப்புவார்கள், ஒரு சதமும் இல்லை.

கீழ்வீட்டுக் கிழவியும் பெரிய வாசிப்புக்காரி. விடிய ஐந்து மணிக்கே பனி வழிக்கிறவ என்று சொன்னேனே, அவதான். ஈஸ்டர் வந்தால் இந்த நாடே கொலைக்கதை வாசிக்குமாம். 1923இல் ஒரு நாவலுக்கு, ரயில் கொள்ளைபோனது என்று செய்தி மாதிரியே பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரம் போட, சனம் மெய்யென்று நம்பியதாம். அதிலிருந்து தொற்றிய பழக்கம். பால் பெட்டியிலும் துப்பறியும் கதை அச்சடிக்கிறார்கள் என்றால் பாருங்கள். போன ஈஸ்டருக்கு எனக்கும் ஒன்று தந்தா. இரண்டாம் பக்கத்திலேயே தேவாலயத்துக்குள் ஒரு பிரேதம். மூடிவிட்டேன். 2019க்குப் பிறகு உயிர்த்த ஞாயிறு என்றால் எனக்கு நம்மட மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டும் அன்று சனம் ஓடின ஓட்டமும்தான். நல்ல கதை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

எழுத வந்தது வேறு. மாமாங்கத் திருவிழாவில் கச்சான் கடலைக்காரியிடம் அம்மா மீட்ட புத்தகம் ஞாபகமா? சுருள் சுற்ற அவ கிழித்துக்கொண்டிருந்ததில் இரண்டு வரி வாசித்துவிட்டு, எங்கள் கச்சான் காசைப் புத்தகத்துக்குக் கொடுத்தா. நான் வீடு வரைக்கும் அழுதேன். அட்டை இல்லை, முன்னும் பின்னும் கச்சானோடு போய்விட்டது. பொன்னி கதை என்று நாமே பேர் வைத்தோம். கரண்ட் இல்லாத இரவுகளில் குப்பிவிளக்கில் நீங்கள் வாசிக்க, நான் ‘மறுகா?’, பிறகு என்ன, என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். தம்பி வருவான் என்று பொன்னி உலை வைக்கிற இடத்தோடு தாள் முடியும். அதற்கு மேல் உங்கள் சொந்தச் சரக்கு.

இந்த முறை வந்த ஐந்து புத்தகத்தில் ஒன்றைச் சும்மா நடுவில் விரித்தேன். பொன்னி கிணற்றுக்குள் வாளியைத் தவறவிடுகிற இடம். அக்கா, எழுத்துத் தெரியவில்லை, உங்கள் குரல்தான் கேட்டது. வாளி விழும்போது சருவக்குடத்தில் தட்டுவீர்களே, அந்தச் சத்தமும். வீரகேசரிப் பிரசுரம் என்று சின்ன மாமா அடித்துச் சொன்னது பிழை, சென்னைப் புத்தகம். பேரை எழுத மாட்டேன், வந்து சொல்வேன். இங்கே யாரும் ‘மறுகா’ என்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பொடியன்களிடம் ஒருநாள் வாய் தவறிச் சொல்ல, ஒரு கிழமை சிரித்தார்கள்.

நாம் காணாத மிச்சம் பதினொரு பக்கம். பஸ் தரிப்பில் நின்றபடி வாசித்தேன். உங்கள் கதையில் தம்பி பொழுதுபடத் தோணியில் வந்து இறங்குவான், செல்வன் மீன் ஆணமும் சோறும் தின்றுவிட்டுத் திண்ணையில் படுப்பான். புத்தகத்தில் அவன் வரவில்லை. காசு வருகிறது. பொன்னி எண்ணிப் பார்த்துப் பெட்டிக்குள் வைக்கிறாள், முற்றும். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சரி, காசு விஷயம். தங்கச்சி வீட்டுக் கூரைக்கு இந்த மாதம் அனுப்புவதாகச் சொன்னது கொஞ்சம் பிந்தும். வங்கியில் ஏதோ பேப்பர் கேட்கிறார்கள். மாசிக்குள் பாதியாவது வரும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், ஓடா சீற்றா என்று இன்னும் யோசிக்கிறோம் என்று சொல்லுங்கள். வளவு உறுதியைத் தங்கச்சி பேரிலேயே எழுதுங்கள். நம்மட வழக்கம் அதுதானே, என்னைக் கேட்க வேண்டும் என்று சின்ன மாமா இழுத்தடிக்கத் தேவையில்லை. படுவான்கரை வயலை ஈடு வைக்கும் கதையை அத்தான் அறுவடை முடியும்வரை எடுக்க வேண்டாம்.

அம்மாவின் கண் ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்தால் உடனே சொல்லுங்கள். கட்டு அவிழ்த்ததும் வாசிக்கத்தான் ஏதாவது கேட்பா. பொன்னி கதை கிடைத்தது என்று சொல்லுங்கள். முடிவு கேட்டால், நீங்கள் சொன்னதேதான் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த பார்சலில் கொஞ்சம் கச்சான் வையுங்கள். வறுக்க வேண்டாம், நான் இங்கே வறுப்பேன்.

அன்புடன்,
தம்பி