இரவுத் தொழிலுக்குப் போகும் ஃபைபர் போட்டுகள் கவனத்துக்கு: விளக்கும் வழிவிடலும்

அனைவருக்கும் வணக்கம். கரையை விட்டுக் கிளம்பும் முன்பே விளக்கைப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகை வரை மட்டுமே தெரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த போட்டுக்கு இவற்றோடு சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று போதும். அது 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும், ஆள் நின்றால் மறைக்காத உயரத்தில் இருக்க வேண்டும். வயர் மாற்றியபின் சிவப்பும் பச்சையும் இடம் மாறிப்போவது உண்டு, பாருங்கள். வலை இழுக்கப் போடும் எல்இடி ஃபோகஸ் லைட்தான் பெரிய தொல்லை: பக்க விளக்கை விழுங்கிவிடும், நம் கண்ணையும் கூசவைக்கும். ஓடும்போது அணைத்துவிடுங்கள்.

நம் வலப்பக்கம் இன்னொரு போட்டின் சிவப்பு விளக்கு தெரிந்து, அது திசை மாறாமல் நெருங்கி வந்தால் வழிவிட வேண்டியது நாம். முன்னால் குறுக்கே பாயாதீர்கள்; வேகத்தைக் குறையுங்கள், அல்லது நன்றாக வலப்பக்கம் திருப்பி அவருக்குப் பின்னால் போங்கள். இடப்பக்கம் பச்சை தெரிந்தால் அவர் விலக வேண்டும். நாம் திசையும் வேகமும் மாற்றக் கூடாது. அவர் விலகவில்லை என்றால் நாமே விலகலாம், ஆனால் இடப்பக்கம் திருப்பாதீர்கள். நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம். முந்துபவர்தான் ஒதுங்க வேண்டும்.

வலை விட்டிருந்தால் சிவப்புக்குக் கீழே வெள்ளை, இழுவலை என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை. அது இல்லாமல் "நாங்கள் தொழிலில் இருக்கிறோம்" என்றால் கப்பல்காரருக்கு எப்படித் தெரியும்? துறைமுக வாய்க்காலில் அந்த விளக்கு இருந்தாலும் கப்பலை மறிக்கக் கூடாது.