அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் வீடு வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வட்டி, முன்பணம், சொத்து வரி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் உறுத்தியது: கறுப்பினத்தவர் அதிகம் வசிக்கும் பகுதிகளைத் தவிர்ப்பது நல்லதாம். காரணம் எதுவும் சொல்லவில்லை. பதினோரு வருடம் முன்பு நான் அட்லாண்டாவுக்கு வந்த வாரமே இங்குள்ள நம் ஆட்கள் எனக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் ஏன் என்று கேட்காமல் வடக்கே ஜான்ஸ் க்ரீக் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனவள்தான். அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், கறுப்பினத்தவர், மனைவி பல் டாக்டர், வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தார். நாம் தவிர்க்கச் சொல்லும் அதே 'கறுப்பர் ஏரியா'வைத்தான் அவர்கள் தேடித் தேடி அலைந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் அதுவரை வகுப்பில் ஒரே கறுப்புப் பிள்ளையாக உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு வக்கீலும் எதிர் வீட்டு இன்ஜினீயரும் தங்கள் நிறத்திலேயே இருப்பதைப் பார்த்து வளரட்டும் என்பது பெற்றோரின் கணக்கு. ஆனால் புரோக்கரிடம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, இனத்தைச் சொல்லி ஒருவரை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று தள்ளிவிடக் கூடாது. கறுப்பர்களை ஒதுக்குவதைத் தடுக்க வந்த சட்டம், அதனால் கறுப்பரே வந்து கேட்டாலும் பதில் கிடைக்காது. என்ன செய்வார்கள்? சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முறை, ஞாயிறு சர்ச் விடும் நேரத்தில் ஒரு முறை என்று தெருத் தெருவாகக் காரில் சுற்றினார்கள். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன சலூனில்தான் உருப்படியான தகவலே கிடைத்ததாம்.

கடைசியில் தென்மேற்கு அட்லாண்டாவில் கேஸ்கேட் பக்கம் வாங்கினார்கள். புது வீட்டு விருந்துக்குப் போகும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கார் கதவு லாக் ஆகியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். போய் இறங்கினால் மேடும் பள்ளமுமான தெரு, வானத்தை மறைக்கும் மரங்கள், தள்ளித் தள்ளிச் செங்கல் வீடுகள், பக்கத்திலேயே காட்டுக்குள் நடக்கப் பாதை போட்ட ஒரு வனப் பூங்கா. பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரோன் வாழ்ந்ததும் இந்தத் தென்மேற்குப் பக்கம்தான். எங்களுடையதைவிடப் பெரிய வீடு, விலையோ எங்களுடையதைவிடக் குறைவு.

அந்த இடத்தின் கதையையும் அன்றைக்குத்தான் கேட்டேன். 1962 வரை அது வெள்ளையர் பகுதி. ஒரு கறுப்பின டாக்டர் அங்கே வீடு வாங்க முயன்றதும் ஊரே பதறி, மேயரே பேட்டன் ரோட்டின் குறுக்கே தடுப்பு போட்டுவிட்டார். 'வெறுக்க நேரமில்லாத நகரம்' என்று பெருமை அடித்துக்கொண்ட ஊர்! அட்லாண்டாவின் பெர்லின் சுவர் என்று அதற்குப் பெயர் வந்தது. 1963 மார்ச்சில் நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகு அகற்றினார்கள், சில மாதங்களிலேயே வெள்ளையர்கள் வீடுகளை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். உத்தப்புரத்துத் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008-இல் இடித்த செய்தியை உங்கள் பக்கங்களில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் வடக்கே காலியர் ஹைட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் சுவாரசியம். வெள்ளையர் விட்டுப்போன இடம் இல்லை அது. 1950-களில் கறுப்பர்களே நிலம் வாங்கி, கறுப்பர்களின் வங்கிகளில் கடன் எடுத்து, தங்களுக்காகவே கட்டிக்கொண்டது. அரசு வரைபடங்களில் கறுப்பர் தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, அங்கே வீட்டுக் கடன் கிடைக்காமல் செய்த காலத்தின் தொடர்ச்சி அது என்பதை மறக்க வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங்கின் அப்பா அங்கே குடியிருந்தார். 2009-இல் அந்தப் பகுதியையே தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

அட்லாண்டா மட்டும் இல்லை. வாஷிங்டனை ஒட்டிய பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி), கறுப்பர் பெரும்பான்மையாக உள்ள கவுன்டிகளில் நாட்டிலேயே பணக்காரக் கவுன்டி என்று பல காலம் பெயர் வாங்கியது, இப்போது பக்கத்து சார்ல்ஸ் கவுன்டி அதை முந்திவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் வியூ பார்க், சிகாகோவில் சாத்தம் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

சரி, அப்படியானால் விலை ஏன் குறைவு? புரூக்கிங்ஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தரத்து வீடு, ஒரே மாதிரி வசதிகள் என்றாலும் கறுப்பர் பெரும்பான்மைப் பகுதியில் விலை 23 சதவீதம் குறைகிறது, வீட்டுக்குச் சராசரியாக 48,000 டாலர் நஷ்டம் என்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நாலு பேர் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் விலை இறங்கத்தானே செய்யும்? அப்புறம் இறங்கிய விலையையே காரணமாகக் காட்டி ஏரியா சரியில்லை என்போம். வீட்டுக் கடனுக்காக மதிப்பீடு செய்ய ஆள் வந்த அன்று, கறுப்பர் வீடு என்று தெரிந்தால் மதிப்பைக் குறைத்துவிடுவாரோ என்று பயந்து, என் நண்பர் சுவரில் இருந்த குடும்பப் படங்களையெல்லாம் கழற்றி அலமாரிக்குள் வைத்தாராம். சொந்த வீட்டில்!

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருமானம் இருந்தும் நல்ல சூப்பர் மார்க்கெட் வரத் தாமதமாகிறது, பள்ளிகளை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும், மறுவிற்பனையில் விலை மெதுவாகத்தான் ஏறும். எந்த ஏரியாவிலும் விசாரிக்க வேண்டிய விஷயங்கள்தானே இவை, அதை எழுதுங்கள். சென்னையில் வாடகை வீடு தேடிய நாளில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டவரின் வீட்டுப் படியை நான் திரும்ப மிதிக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் அச்சடித்திருக்கிறீர்கள்.

கட்டுரை உங்கள் இணையதளத்தில் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜான்ஸ் க்ரீக், ஜார்ஜியா