சனிக்கிழமை கால் கிளினிக்: உதவியாளர் எல்லாரும் பாருங்கோ

வணக்கம் எல்லாருக்கும். வாற சனி காலமை 7.30க்கு கிளிநொச்சி கிளினிக்கில நிக்கோணும், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்தால முதல் பஸ்ஸில வாற வயசானாக்களை வெளியில காக்க வைக்கக்கூடாது.

1. கிளினிக் கொப்பி வாங்கேக்க சீனி வருத்தம் இருக்கோ, முந்திக் கால்ல புண் வந்ததோ, விரல் எடுத்ததோ எண்டு கேட்டு எழுதுங்கோ.

2. கழட்டின சப்பாத்து செருப்பை திருப்பிப் பாருங்கோ. உணர்வில்லாத காலுக்கு முள்ளு ஏறினாலும் தெரியாது, அடியில ஆணி குத்தினபடியே நடந்து வாறவையும் இருக்கினம்.

3. விரலிடுக்கு ஈரமெண்டா ஒத்தித் துடையுங்கோ, தேய்க்க வேண்டாம்.

4. நகம், கால் ஆணி வெட்டுறது எங்கட வேலையில்லை. புண், சூடு, சிவப்பு, மணம் கண்டா நம்பர் பாக்காம உடன உள்ளுக்கு அனுப்புங்கோ.

5. 10 கிராம் மோனோபிலமென்ட் இழையால (கால்ல அழுத்தி உணர்வு இருக்கோ எண்டு பாக்கிற மெல்லிய நைலோன் இழை) டெஸ்ட் பண்ணேக்க அவை கண்ணை மூடியிருக்கோணும், நீங்கள் பக்கத்தில நிண்டு "இப்ப தெரியுதோ" எண்டு கேக்காதேங்கோ, கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவினம்.

செயற்கைக்கால் போட்டவையின்ர மற்றக் காலை இன்னும் கவனமாப் பாருங்கோ, கூடின பாரம் அதிலதான். இதை மட்டும் ஒருத்தரும் விட்டிடாதேங்கோ.

வாறாக்கள் வியாழன் பின்னேரத்துக்குள்ள "வாறன்" எண்டு போடுங்கோ, ஏலாட்டியும் சொல்லுங்கோ, வேற ஆள் பாக்கோணும்.