உள்ளே கொஞ்சம் துணி விடுங்கள்

புதுப் புது டிசைனில் மலிவு ஆடைகளை அடிக்கடி இறக்கும் ஃபாஸ்ட் ஃபேஷன் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடமிருந்து போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்களைப் பார்த்து நாளாகிவிட்டதே!' என்று உருகிவிட்டு, பழைய துணிகளைக் கொண்டுவந்து கடைப் பெட்டியில் போட்டால் புதுத் துணிக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாக எழுதியிருந்தீர்கள். நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பிறர் உடுத்திய துணியும் கையால் தைத்த துணியும்தான் இப்போது நான் உடுத்துவது. அதற்கும் வழிவிட மாட்டேன் என்கிறீர்களே, அதனால்தான் இந்த மடல்.

பழைய துணி வாங்கினால் அளவு அப்படியே பொருந்தாது. அக்குளில் பிடிக்கும், இடுப்பில் தொளதொளக்கும். பக்கத் தையலைப் பிரித்து, கொஞ்சம் விட்டோ பிடித்தோ தைத்தால் சரியாகிவிடும். தையல்காரர் அளவெடுத்துத் தைத்த ஒரு பழைய சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு இரு பக்கமும் விரல் அகலத்துக்குத் துணி விட்டிருப்பார். உடம்பு பருக்கும், இளைக்கும், சட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் சட்டையைத் திருப்பினால் தையலை ஒட்டியே ஓவர்லாக், அதாவது ஓரத்து இழை பிரியாமல் சுற்றிப் போடும் மெஷின் தையல், ஓடுகிறது. அதைத் தாண்டி ஒரு நூலிழை கிடையாது. பிரித்தால் விடுவதற்குத் துணி இல்லை. மறுபடி மூடித் தைக்கப் போனால் ஓரத்து இழை உருவிக்கொண்டு வருகிறது. கிழிந்த தோளுக்கு ஒட்டுப்போடலாம் என்றால், ஊசி குத்திய இடத்திலிருந்து அடுத்த கிழிசல் ஆரம்பிக்கிறது. ஜீன்ஸ் கதை இன்னும் மோசம். உள்ளே நெய்த எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை செத்து முழங்கால் தொங்கிப்போனால், எந்தக் கைவேலைக்காரராலும் அதை இழுத்து நிறுத்த முடியாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: ஓர் ஆடை இரண்டாவது ஆளிடம் போய்ச் சேரும்படி தையுங்கள். உள்ளே அரை அங்குலம் துணி விடுங்கள்.

லட்சக்கணக்கில் தைக்கும்போது அந்த அரை அங்குலம் பெரிய தொகை என்பீர்கள். சரி, அந்தத் தொகையை யார் கட்டுகிறார்கள்? கானாவின் அக்ரா நகரில் கந்தமாந்தோ சந்தை இருக்கிறது. உலகம் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வருகின்றன. வாங்குகிறவர் மூட்டையைப் பிரித்த பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும். பிரித்து, தைத்து, சாயமேற்றி விற்கத் தெரிந்தவர்கள் நிறைந்த இடம் அது. அவர்கள் கையிலேயே தேறாத துணி, குப்பைக்கும் கடற்கரைக்கும் போகிறது. மறுசுழற்சி செய்துவிடுகிறோம் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஆடைக்குப் போகும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மறுபடி ஆடையாகிறது என்று பொருள்களின் மறுபயன்பாட்டுக்காக வேலை செய்யும் எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இலேயே சொல்லிவிட்டது. பருத்தியையும் பாலியஸ்டரையும் கலந்து நெய்துவிட்டு, பெட்டியில் போட்டால் அது பிரிந்துவிடுமா என்ன? ஆனாலும் பச்சை அட்டையில் ஓர் இலை படம் போட மறப்பதில்லை. இலையாவது நன்றாக வரைந்திருக்கிறீர்கள்.

விற்காத துணியை அழிக்காதீர்கள் என்பதற்கே பிரான்சில் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்புறம், கையால் தைத்துக் கொடுப்பவரிடம் 'இவ்வளவு விலையா?' என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் சட்டையைத் தைத்ததும் கைகள்தான். வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டபோது கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் தைத்தவர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று அது இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சல்லிசு விலை என்று நீங்கள் விளம்பரம் செய்யும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடையை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத் தையலிலும் கால் மடிப்பிலும் பிரித்துவிட இடம் வையுங்கள். ஒரு மாற்றுப் பொத்தானை உள்ளே தைத்துவிடுங்கள். வாரா வாரம் புது டிசைன் போட ஆள் வைத்திருக்கிறவர்களுக்கு இது கஷ்டமான வேலையாக இருக்காது. அடுத்த சீசனுக்கான துணியை இன்னும் வெட்டவில்லை என்றால் அதிலிருந்தே தொடங்கலாம். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்