எத்தனை நாள் என்று கேட்டால், எது என்று கேள்

அன்புள்ள செல்வம்,

கடிதமும் நீ பேசப்போகும் குறிப்புகளும் வந்தன. சிங்கப்பூரில் கொரோனா தடுப்பூசியாக ஃபைசரும் மாடர்னாவும் போட்டவர்கள்தான் அதிகம் என்பதால், "அது உடம்புக்குள்ளே எத்தனை நாள் இருக்கும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "ஓரிரு நாள்" என்று நீ எழுதியிருப்பதை அடித்துவிடு. இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் கண்டதாக ஒருவர் கட்டுரையை நீட்டினால், நீ சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

ஃபைசர் டோஸ் ஒன்றில் 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்லும் குறிப்பு), அதைச் சுற்றி நான்கு வகைக் கொழுப்பு. அந்தக் குறிப்பைப் படித்து உடம்பு தானே செய்துகொள்வது ஸ்பைக், அதாவது கொரோனா வைரஸின் மேல் முள்போல நீட்டியிருக்கும் புரதம். மூன்றுக்கும் மூன்று கணக்கு.

வெறும் ஆர்என்ஏ ரத்தத்தில் நிமிடக்கணக்கில்கூடத் தாங்காது, நொதிகள் நறுக்கிவிடும். ஆகவே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் அகப்படுவது பெரும்பாலும் கொழுப்புத்துகளுக்குள் பத்திரமாக இருப்பதுதான். ஆஸ்திரேலியாவில் மாடர்னா பூஸ்டர் போட்டவர்களிடம் அளந்தபோது முதல் இரண்டு நாளில் உச்சம் தொட்டு இறங்கியது. டென்மார்க்கில் 108 ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளில் 10 பேரிடம், 28 நாள் வரைக்கும், தடுப்பூசி எம்ஆர்என்ஏயின் எழுத்து வரிசை ரத்தத்தில் கிடைத்தது. அக்குள் நிணநீர்க்கணுவில் இன்னும் நீளம்: 2022-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் இரண்டாவது டோஸுக்கு 60 நாள் கழித்தும் தெரிந்தது. நோயெதிர்ப்புப் பயிற்சி நடக்கும் இடமே அதுதான் என்பதால் எனக்கு வியப்பில்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை பிடிப்பது நூறு சொச்ச எழுத்துள்ள ஒரு துண்டை. முழு எம்ஆர்என்ஏ நாலாயிரத்துக்கும் மேல். துண்டு கிடைத்தால் புரதம் உண்டாகிறது என்று பொருளில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாயில் எடுத்தால் அது பிசிஆரையே தடுக்கும், ஈடிடிஏ சேர்த்த குழாய்தான் சரி. எந்தத் துண்டைப் பிடிப்பது என்று காட்டும் பிரைமரைத் தடுப்பூசிக்கே உரிய மாற்றியமைத்த வரிசைக்கு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கொரோனா வந்து போனவரின் வைரஸும் கணக்கில் சேர்ந்துவிடும்.

புரதத்துக்கு பாஸ்டனில் 13 பேரிடம் அளந்தார்கள். முதல் டோஸுக்குப் பின் 11 பேரிடம் ஸ்பைக்கின் ஒரு பகுதியான எஸ்1 துண்டு தெரிந்தது, சராசரியாக ஐந்தாம் நாள் உச்சம், 14-ஆம் நாளில் காணோம். இரண்டாவது டோஸுக்குப் பிறகு அந்த எஸ்1 யாரிடமும் பிடிபடவில்லை. ஆன்டிபாடி போர்த்திக்கொண்டால் சோதனைக்கு அது தெரியாது. அதனால் "காணவில்லை" என்பதை "இல்லை" என்று மாற்றிச் சொல்லாதே.

நிதானமாகப் போவது கொழுப்புதான், யாரும் அதைக் கேட்பதில்லை! ஃபைசரின் நான்கு கொழுப்பில் ஒன்றான ஏஎல்சி-0315 எலிகளில் மலத்தோடு மாறாமல் வெளியேறியது 1 சதவீதம் அளவுக்கே, மீதி அதன் எஸ்டர் என்ற வேதிப்பிணைப்பு உடைந்து மெல்லக் கரையவேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை மனிதருக்கு மதிப்பிட்ட அரை ஆயுள் (பாதி நீங்க ஆகும் காலம்) 20-30 நாள், 95 சதவீதம் நீங்க 4-5 மாதம். இது அதைப் போன்ற வேறொரு மருந்தின் கொழுப்பை வைத்துப் போட்ட கணக்கு, ஊசி போட்டவர்களை நேரே அளந்ததல்ல. மேடையில் அதையும் சேர்த்துச் சொல்.

பாலூட்டும் அம்மாக்கள் கேட்டால்: ஓர் ஆய்வில் 11 பேரில் 5 பேரின் பாலில் எம்ஆர்என்ஏயை இம்மி அளவில், ஊசிக்குப் பின் அதிகபட்சம் 45 மணி நேரம் வரை கண்டார்கள்.

மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஸ்பைக் கண்டதாகச் சில கட்டுரைகள் உன் கையிலும் திணிப்பார்கள். பார்க்கவேண்டியது ஒன்றே: வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைச் சோதித்தார்களா? அந்தப் புரதம் இந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இல்லை, ஆகவே அந்த ஆன்டிபாடி இருந்தால் தொற்று வந்தவர். தொற்று வந்தவரிடமே அது இல்லாமலும் இருக்கலாம், சில மாதங்களில் மங்கிவிடக்கூடும். அதனால் எதிர்மறை முடிவை மட்டும் வைத்துத் தொற்றே இல்லை என்று வாதாடுபவரிடம் கொஞ்சம் தள்ளி நில்.

இன்னொன்று, ஊரிலிருந்து வந்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் முதலில் எந்த ஊசி என்று கேட்டுக்கொள். கோவிஷீல்டு அடினோவைரஸில் டிஎன்ஏ ஏற்றியது, கோவாக்சின் செயலிழந்த வைரஸ். மேலே எழுதிய எந்த எண்ணும் அவர்களுக்குப் பொருந்தாது.

திருத்திய குறிப்புகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி