கேர்ட்டினைத் திற

ஸ்காபரோ
15 ஏப்ரல் 2018, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வருடப்பிறப்பு. விளம்பி வருடம் பிறந்துவிட்டது, ராசா. அப்பா வெள்ளிக்கிழமையே ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய், தலைக்கு வைத்து முழுக மருத்துநீர் வாங்கி வந்தது நல்லதாய்ப் போயிற்று. நேற்று என்றால் வாசற்படி தாண்டியிருக்க முடியாது. காலுக்கும் தலைக்கும் வைக்கிற இலைக்கு இங்கே எங்கே போவது? குசினி யன்னலில் நிற்கும் கறிவேப்பிலையில் மிஞ்சிக் கிடந்த இரண்டு இலையைப் பிடுங்கி ஆளுக்கொன்றாய் வைத்துக்கொண்டோம். சாஸ்திரத்தில் கறிவேப்பிலை இல்லைத்தான். சாஸ்திரத்தில் ஸ்காபரோவும் இல்லை.

முழுகிவிட்டு வந்தால் யன்னலில் ஒரு சத்தம். யாரோ குறுணல் அரிசியை அள்ளி அள்ளி எறிவது போல. ஸ்நோ இல்லை, மழையும் இல்லை. ஐஸ் குறுணல். விழுந்து துள்ளுகிறது, துள்ளிய இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் உறைமழை. அதற்கு மேல் காற்று. இன்றைக்கும் விடவில்லை. உங்கள் ஊர் ரீவியில் காட்டினார்களோ தெரியாது. பியர்சனில் பிளேன்கள் எல்லாம் நின்றுபோய்க் கிடக்கின்றன.

பஞ்சாங்கப்படி பின்பனிக்காலம் பங்குனியோடு சரி. நேற்றிலிருந்து இளவேனில். அப்பா சவளைப் பிடித்துக்கொண்டு ட்ரைவ்வேயில் நின்று, "பஞ்சாங்கம் எழுதின ஐயர் ஒருக்கால் இஞ்ச வந்து பார்க்கவேணும்" என்றார். ஸ்நோ என்றால் அள்ளலாம், தம்பி. இது ஈர மணல் மாதிரிப் பாரம். அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். நாலு சவள் அள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்தார். உள்ளே வாருங்கோ என்றால் கேட்கமாட்டார். பிறகு முன்வீட்டுப் போர்த்துக்கீசப் பெடியன் வந்து வாங்கிச் செய்து தந்தான். வேறு யாரோ பெற்ற பிள்ளை. இதை உனக்குக் குத்திக்காட்ட எழுதவில்லை.

2013 ஐஸ் புயல் ஞாபகம் இருக்கிறதா? நத்தாருக்கு முதல் கிழமை. ரொறன்ரோவில் மட்டும் கிட்டத்தட்ட 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லாமல் போனது. நாலு பேரும் ஹோலில் ஒரே போர்வைக் குவியலுக்குள் படுத்தோம். நீதான் காலையில் எழும்பி, அப்பாவின் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தெருவில் தனியாய் இருந்த கிழவர்களின் கதவையெல்லாம் தட்டித் தட்டித் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய். அப்போது உனக்கு இருபத்திரண்டு. இன்றைக்கும் அந்தக் கிரேக்கக் கிழவி என்னைக் கண்டால் உன்னைத்தான் கேட்கிறாள். நான் சொல்வேன், என்ரை மகன் சின்னனிலேயே அழாத பிள்ளை, யாருக்கும் கஷ்டம் கொடுக்காத பிள்ளை என்று.

கேட்கிறவர்களுக்கெல்லாம் நீ நல்லாய் இருக்கிறாய் என்றுதான் சொல்கிறேன்.

விற்றமின் டி குளிசை போடுகிறாயா? 1000 என்று எழுதின போத்தல், தங்கச்சி உன் பையில் வைத்தது. உங்கள் ஊரில் குளிர் இல்லை, மழைதான் என்பாய். மழை என்றாலும் இருட்டு இருட்டுத்தானே. விடிந்ததும் முதல் வேலையாய்க் கேர்ட்டினைத் திற. முகம் கழுவ முதலே திற. வெளியே வெளிச்சம் இல்லாவிட்டாலும் திற. வன்கூவரில் செரி எல்லாம் பங்குனியிலேயே பூக்கத் தொடங்கிவிடும் என்றார்கள். இப்போது றோட்டெல்லாம் கொட்டிக் கிடக்கும். நீ அதைப் பார்த்தாயா என்று கேட்க ஆசையாய் இருக்கிறது. இங்கே ஹை பார்க்கில் இன்னும் மொட்டுக்கூட அவிழவில்லை. 1959இல் டோக்கியோக்காரர் கொடுத்தனுப்பிய மரங்கள் என்று போர்ட்டில் எழுதியிருந்ததை நீ எழுத்துக்கூட்டி வாசித்தாயே, பிறகு அப்பாவின் தோளில் இருந்து ஒரு கொப்பையே முறித்துவிட்டாய், அப்பா உன்னையும் கொப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினாரே! அந்தப் படத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த முறை ஏனோ எனக்குப் பொறுமை இல்லை. மார்ச் 11 மணிக்கூட்டை மாற்றிய அன்றே மனம் கோடைக்குப் போய்விட்டது. பிறகு ரொபின் வந்தது. முன்வளவில் டாஃபடில் நாலு விரல் உயரத்துக்கு முளைத்தது. இப்போது ஒவ்வொரு முளையும் ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கிறது. ரொபின் வேலியில் பந்து மாதிரி ஊதிப்போய் இருக்கிறது, அசையவில்லை. போன பறவை இரண்டு கிழமை பிந்தி வந்திருக்கக் கூடாதா என்று அதோடு கோபம் எனக்கு. ஊரில் இருந்தவரை நான் வசந்தத்துக்கு ஏங்கியதே இல்லை, தம்பி. சித்திரை என்றால் வெக்கை, வேப்பம்பூ, வடகம் காயப்போட்ட பாயில் காகம். அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு ஏங்குவதை இங்கே வந்துதான் பழகினேன்.

மணிக்கூட்டை மாற்றிய அன்றுதான் நீ கடைசியாக ஒரு கட்டைவிரல் அனுப்பினாய். ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தாயா என்று நான் கேட்டதற்கு. அதற்குப் பிறகு நான் அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது. சரி, பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு ஆறுதல். தங்கச்சியின் பிறந்தநாளுக்காவது நீ ஒரு சொல் எழுதியிருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று முழுக்கப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெரியம்மாவின் மகன் மாசியில் அங்கே வந்தபோது உன் வேலையிடத்துக்குப் போனானாம். அவன் சொன்னதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன். வேலை என்ன, போகும் வரும். வாடகைக்குத் தேவை என்றால் தங்கச்சியிடம் சொல், அவள் என்னிடம் சொல்வாள், அப்பாவுக்குப் போகாது. சின்ன மாமாவும் முதலில் கடிதத்தைத்தான் குறைத்தார். அதை ஏன் எழுதினேனோ! அழித்துவிடலாம் என்றால் பேனையால் எழுதிவிட்டேன்.

மற்றப்படி புதினம் ஒன்றும் இல்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு ஆவணியில் ஹோல் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குப் பிரஷர் பரவாயில்லை. கீழ்வீட்டுக்காரர் போய்விட்டார்கள், பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்கிறது. நான் கூட்டித் துடைத்து, கேர்ட்டின் தோய்த்துப் போட்டிருக்கிறேன். ஆட்களுக்கு விட இன்னும் யோசிக்கவில்லை.

*

திங்கள்

தபாலில் போட முடியவில்லை. இன்றைக்கும் சறுக்குகிறது. சி.என். டவரில் இருந்து ஐஸ் பாளம் விழுந்து பக்கத்து பேஸ்போல் மைதானத்துக் கூரையில் ஓட்டையாம். ப்ளூ ஜேஸ் விளையாட்டை ஒத்திவைத்துவிட்டார்கள். அப்பா இரவுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ரீவிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். உன்னோடு சேர்ந்து பார்த்துப் பழகியவர். தனியாகவும் பார்க்கிறார், ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார்.

நேற்று இரவு நித்திரை வரவில்லை. எழும்பி இந்தக் கடிதத்தை முதலில் இருந்து வாசித்தேன். எல்லாப் பக்கமும் ஸ்நோவும் ஐஸும்தான். எனக்கே வெட்கமாய் இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு நீ கோல் எடுத்தாய். உனக்குப் பத்து மணி. "அம்மா, எனக்கு ஒண்டுமே செய்ய மனமில்லாமல் கிடக்கு" என்றாய். நான், "அங்க ஸ்நோவோ?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லையம்மா, மழை" என்றாய். அதற்குப் பிறகு நான் ஹோல் புக்கிங் பற்றி, சாப்பாட்டுக்காரன் சொன்ன விலை பற்றி இருபது நிமிஷம் கதைத்தேன். நீ ஓம், ஓம் என்று கேட்டாய். "சரியம்மா, படுங்கோ" என்று வைத்தாய்.

எனக்கு விளங்காமல் அப்படிக் கேட்கவில்லை, தம்பி. விளங்கித்தான் கேட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

நீ பிறந்தது 1991 தை. நாங்கள் வந்து ஒன்றேகால் வருடம். பதினோராம் மாடி. அப்பா பகலில் ஃபக்டரி, இரவில் கோப்பை கழுவுகிற வேலை. நீ பிறந்து நாலாம் ஐந்தாம் கிழமை அளவில் எனக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. கேர்ட்டினை இழுத்து மூடினேன், திறக்கவில்லை. பகலா இரவா என்று தெரியாது. நீ அழுவாய். நான் கட்டிலில் சரிந்து படுத்து, உன் வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பசிக்கு அழுகிறாய் என்று தெரியும். பால் கட்டி நெஞ்சு நோகும். கை எழும்பாது. பல்கனிக் கதவுக்குக் கிட்டப் போகவே பயம். ஏன் பயம் என்று அப்பா கேட்டபோது குளிர் வருகிறது என்றேன். அப்போதும் காலநிலைதான்.

ஒரு நாள் பகல் நீ அழுது அழுது சத்தம் கட்டிப்போனது. கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. பிறகு உடைத்துவிடுவார்கள் போல இருந்தது. திறந்தால், பக்கத்து வீட்டுக் கயானா அம்மா. ரொட்டிக்கு மா குழைத்தபடியே ஓடி வந்திருக்கிறாள், இரண்டு கையிலும் மா. எனக்கு அவளுடைய இங்கிலீஷ் விளங்காது, அவளுக்கு என்னுடையது விளங்காது. என்னைத் தாண்டிப் போய் உன்னைத் தூக்கினாள். உன் நீலப் போர்வையில் அவளுடைய ஐந்து விரலும் வெள்ளையாய்ப் பதிந்தது. நீ இப்போதும் அந்தப் போர்வையை வைத்திருக்கிறாயோ தெரியாது. பிறகு அந்தக் கையாலேயே கேர்ட்டினைச் சர்ரென்று இழுத்தாள். பங்குனி முடியப் போகிறது. அன்றைக்கும் இப்படித்தான், காலம் தப்பிய ஸ்நோ, அதன் மேல் வெயில். கண் கூசி நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். வந்ததும் கேர்ட்டின்தான் முதலில். பிறகு நீ. பிறகுதான் நான்.

அப்பாவிடம் உனக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லி வைத்தேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. தங்கச்சி நேர்சிங் படித்தபோது அவளுடைய புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி, இது என்ன பிள்ளை என்று கேட்டேன். அவள் விளங்கப்படுத்தினாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நீ அழாத பிள்ளை என்று இருபத்தேழு வருடமாய் ஊருக்கெல்லாம் சொல்கிறேன். நீ அழுதாய், ராசா. அழுது பார்த்தாய். ஆள் வரவில்லை என்றதும் விட்டுவிட்டாய். மார்கழியிலும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாய்.

கேர்ட்டினைத் திற, கேர்ட்டினைத் திற என்று நான் எழுதுவது உனக்கு எரிச்சலாய்த்தான் இருக்கும். எனக்கு வேறு வைத்தியம் தெரியாது. தங்கச்சிக்குத் தெரியும். அங்கேயே பார்க்கக்கூடிய டொக்டர்மார் இருக்கிறார்களாம், சும்மா கதைக்கவே போகலாமாம். அவளிடம் நான் உன் பெயர் சொல்லவில்லை, ஆனால் அவள் என்ன மடைச்சியா? போவதும் போகாததும் உன் விருப்பம். போனால் நல்லது. போ.

இந்தப் பக்கத்தை அப்பா பார்க்க முதல் உறையில் ஒட்டிவிடுகிறேன். அவருக்கு நானே சொல்வேன். இந்தக் கிழமை சொல்வேனோ தெரியாது.

உனக்குக் கதைக்க மனமில்லாவிட்டால் கதைக்க வேண்டாம். அந்த நாளில் அப்பா இரவு வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பேஃபோனில் இருந்து செய்வது போலச் செய். இரண்டு தரம் மணி அடித்துவிட்டு வை. நான் எடுக்கமாட்டேன், சத்தியமாய் எடுக்கமாட்டேன். இங்கே எத்தனை மணி என்று பார்க்காதே. போன் தலையணைக்குக் கீழேதான் இருக்கும்.

அன்புடன்
அம்மா

பி.கு.: கைவிசேடம் இருபது டொலர் உள்ளே வைத்திருக்கிறேன், அப்பா கையால் தந்தது. பயற்றம் உருண்டையும் மிளகாய்த்தூளும் தனிப் பார்சலாய் வரும். தூளை ஃப்ரீசரில் வை, வெளியே வைத்தால் வண்டு பிடிக்கும்.