கயிறு கட்ட மறுத்தவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் என் உறவினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆடியோடு நான் குடியை விட்டு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பு வேலை செய்பவன் நான். கடுகளவுக் கண்ணிகளை ஒன்றோடொன்று சேர்த்து, பற்றவைக்கும் பொடி வைத்து, நெருப்பை அதன்மேல் ஒரு நொடி காட்டி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் கண்ணி உருகிப்போகும். காலையில் ஒரு கிளாஸ் உள்ளே போகாமல் என் கை நிற்காது என்ற நிலை வந்த பிறகும், அதை நோய் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் நன்றி எங்கள் தெரு அம்மன் கோயில் பூசாரி ஐயாவுக்கு. இனி குடிக்கமாட்டேன் என்று அவர் கையால் மூன்று முறை கயிறு கட்டிக்கொண்டு, மூன்று முறையும் நானே அறுத்தெறிந்திருக்கிறேன். நான்காவது முறை போய் நின்றபோது, “கயிறு இருக்குதுப்பா, ஆனா உனக்குக் கட்டமாட்டேன்; முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வா, ஆத்தா எங்கேயும் போயிட மாட்டா” என்றார். அன்று அவர்மேல் எனக்குக் கடுங்கோபம். நம்பிக்கை என்ற பெயரில் என் பொறுப்பை நான் அம்மன் தலையில் சுமத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டுகொண்டார் என்பது பின்னால்தான் விளங்கியது.

அரசு மருத்துவமனையில் என்னைக் கவனித்த மருத்துவர் அம்மாவுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. நெடுநாள் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அங்கேதான் அறிந்தேன். வைராக்கியமாக வீட்டில் படுத்துக் கிடந்தே விட்டுவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அடுத்து, குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்து நண்பர்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கிய இயக்கம் இது. பெயரை வெளியிடாமல் இருப்பது அதன் மரபு என்பதால், இந்த மடலில் யார் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. குடியிலிருந்து மீள அது சொல்லும் 12 படிகளில் கடவுள் வருகிறார். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். எங்கள் அறையில் திருநீறு பூசியவர், ஜெபமாலை வைத்திருப்பவர், தொழுகை முடித்து வருபவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம்.

என்னைப் புரட்டிப்போட்டவை எட்டாவது படியும் ஒன்பதாவது படியும். நாம் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதி, அதை நேரில் ஈடுசெய்ய வேண்டும். என் பட்டியலில் மனைவிக்கு அடுத்தபடி இருந்தவர் பட்டறை முதலாளி அண்ணன். பட்டறையில் காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, மாலையில் கொலுசையும் துணுக்குகளையும் எடை போட்டு வாங்குவார்கள். கொஞ்சம் சேதாரம் தள்ளுவார்கள். அந்தச் சேதாரத்துக்குள் ஒளித்து, வேட்டி மடிப்பில் துணுக்குகளைக் கொண்டுபோய் விற்றுக் குடித்தவன் நான். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். இதைச் சொல்லப் பட்டறை வாசலில் மூன்று நாள் நின்று திரும்பினேன். நான்காம் நாள் சொன்னபோது, அண்ணன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “தெரியும்ப்பா, நீயா சொல்லுவியான்னுதான் பாத்தேன்” என்றார். மன்னித்துவிட்டதாகச் சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவர் மாதச் சம்பளத்தில் பிடித்தம் என்று நோட்டில் எழுதினார். அந்த மரியாதைக்கு நன்றி.

என் மனைவிக்கு எழுத எனக்குத் தகுதி போதாது. சென்ற ஆண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் கோயிலுக்கு அவளோடு போனேன். குகைக்குள் குனிந்து போய், சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டு வெளியே வந்ததும், “என்ன வேண்டுனீங்க?” என்று கேட்டாள். எதையும் கேட்கத் தோன்றவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

இப்போது வாரத்தில் இரண்டு மாலை, புதிதாக வருகிறவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என் வேலை. பூசாரி ஐயாதான் பாதிப் பேரை அனுப்பிவைக்கிறார்.

அண்ணனின் நோட்டில் இன்னும் நான்கு மாதப் பிடித்தம் பாக்கி இருக்கிறது. அதற்குள் நன்றி மடலா என்று அவர் கேட்கக்கூடும்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுத் தொழிலாளி